ரைவல் என்றால் யார்?



முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் நோட் எழுதியவனுக்கு, ரிடையரான பிறகும் வார்த்தையைப் பிடித்து ஆராயும் புத்தி போகாது. செயலாளர் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். போட்டியைக் குறிக்கும் சில ஆங்கிலச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் குழந்தைகளிடம் நாம் ஓயாமல் பேசுவது போட்டியைப் பற்றித்தான். அதையும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசுகிறோம்.

முதலில் 'ரைவல்'. லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். 'ரீவாலிஸ்' என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவன். கி.பி. 533-இல் ஜஸ்டீனியன் சக்ரவர்த்தி வெளியிட்ட ரோமானியச் சட்டத் திரட்டில், தண்ணீர்த் தகராறு பற்றிய பகுதியில், இந்தச் சொல் இதே அர்த்தத்தில் வருகிறது. ('ரிவர்' இதற்கு உறவு என்று நினைத்துவிட வேண்டாம். அது கரையைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வந்தது.) தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் வைத்திருந்த குடும்பத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரர் மடையைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டால் கடைமடைக்காரர் பயிர் காயும். முறைத் தண்ணீருக்காக ராத்திரி மண்வெட்டியோடு காவல் இருப்பார்கள், வாய்ச்சண்டை கைகலப்பாகும். ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் வெட்ட வேண்டும். காவிரிக்கு 1990-இல் நடுவர் மன்றம் அமைந்ததிலிருந்து 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தவரை நடந்த வாதங்களை ஒரு ரோமானிய வக்கீலிடம் சொல்லியிருந்தால், கேஸ் அவருக்கு உடனே புரிந்திருக்கும்.

லத்தீன் நாடகங்களிலேயே அந்தச் சொல் வயலை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு ஆண்களும் ரீவாலிஸ் ஆனார்கள். நம் பக்கம் மட்டும் என்ன? வேத மந்திரங்களில் எதிரியைக் குறிக்க 'ஸபத்ன' என்ற சொல் வரும். அது 'ஸபத்னீ', அதாவது சக்களத்தி என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆண்பிள்ளை எதிரிக்குப் பெயர் வைக்கச் சக்களத்தியிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்! அங்கே பொதுவாக இருந்தது வாய்க்கால், இங்கே புருஷன். பொதுவாக ஒன்றும் இல்லாதவர்களுக்குள் போட்டி வராது.

'கம்பீட்' என்பதும் அப்படித்தான். 'காம்' என்றால் சேர்ந்து, 'பெட்டெரே' என்றால் நாடுவது. அதே லத்தீன் வினைக்குப் பொருந்துவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அதிலிருந்து வந்ததுதான் நமக்கெல்லாம் பரிச்சயமான 'காம்பிடென்ட் அதாரிட்டி'. இன்னொரு ஆபீஸ் வார்த்தை 'கன்கர்'. மூலத்தில் சேர்ந்து ஓடுவது என்று பொருள். ஆங்கிலத்தில் அது சம்மதம் ஆயிற்று. பிரெஞ்சில் 'கன்கரன்ஸ்' என்ற அதே சொல் போட்டி என்றாயிற்று. நிதித்துறைக்குக் 'கன்கரன்ஸ்' கேட்டு ஃபைல் அனுப்பியவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதே சரி என்பார்கள்.

நான் பி.எஸ்ஸி. ஜுவாலஜி படித்தவன். ஆகவே 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட்' பற்றி ஒரு வார்த்தை. அதை உருவாக்கியவர் டார்வின் அல்ல, ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864-இல். டார்வின் 1869-இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். 'ஃபிட்' என்றால் அங்கே பலசாலி இல்லை, சூழ்நிலைக்குப் பொருந்தியவன். இன்றைக்கு மேடையேறும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அந்த வாக்கியத்தை உபயோகிப்பதைக் கேட்டால், சிங்கம் மட்டும்தான் பிழைத்திருக்க வேண்டும்; கரப்பான்பூச்சிக்கு வழியே இல்லை.

பிற்காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்த வழக்குகள் வேறு இடத்திலிருந்து வந்தவை. குதிரைப் பந்தயம் கொடுத்தவை 'நெக் அண்ட் நெக்', 'டார்க் ஹார்ஸ்', 'ஹேண்ட்ஸ் டவுன்'. கடைசியாகச் சொன்னது, ஜெயிப்பது நிச்சயம் என்று தெரிந்த ஜாக்கி கடிவாளத்தைத் தளரவிட்டுக் கையைத் தாழ்த்துவது. குத்துச்சண்டை கொடுத்தவை 'பிலோ தி பெல்ட்', 'த்ரோ இன் தி டவல்'. இவற்றில் மற்றவன் ஒன்று பின்னால் இருக்கிறான், அல்லது தரையில் கிடக்கிறான். சேர்ந்து என்பது போய்விட்டது. 'கட்-த்ரோட்', 'ரேட் ரேஸ்' என்பவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த வீட்டைப் பார்த்து வாழ்வதைச் சொல்லும் 'கீப்பிங் அப் வித் தி ஜோன்சஸ்', 1913-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சித்திரத் தொடரின் தலைப்பு. நம் மாமிகள் அதை அந்தத் தொடர் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் முன்வரிசையில் கோபித்துக்கொள்வீர்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் தங்கையின் பேத்தி வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி ஜே.இ.இ. கோச்சிங் படித்தாள். ஜுரத்தில் நாலு நாள் வகுப்புக்குப் போகவில்லை. அறைத்தோழியிடம் நோட்டைக் கேட்டால் கொடுக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவள்தான் உன் ரைவல் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். லீவுக்கு வந்தபோது அவளிடம் இந்த வாய்க்கால் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, தண்ணியைப் பங்கு போடலாம். ஸீட்டைப் பங்கு போட முடியாதே" என்றாள்.

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கணக்காகவே பதில் சொன்னேன். அந்தப் பரீட்சையை எழுதுபவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். நோட்டைக் கொடுத்து, அதனாலேயே இவள் தோழியை முந்தினாலும், தோழி இழப்பது ஒரே ஒரு ராங்க். ஆனால் புரியாத கணக்கை ராத்திரி பத்து மணிக்குக் கேட்பதற்கு அந்த ஹாஸ்டல் அறையில் இருந்தது இரண்டே பேர். அவள் "போங்கோ தாத்தா" என்று சொல்லிவிட்டு டீ.வி. பார்க்கப் போய்விட்டாள். அடுத்த டெர்மில் அந்தத் தோழிக்கு அம்மை வார்த்தபோது, இவள்தான் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாள் என்று தங்கை சொன்னாள். என் பேச்சினாலா என்று தங்கையிடம் கேட்கவில்லை.

இன்னொன்று கவனித்தேன். ஆங்கிலத்தில் 'கம்பீட் வித்' என்கிறார்கள். தமிழிலும் 'அவனோடு போட்டி போட்டான்' என்கிறோம். 'ராமனோடு லக்ஷ்மணன் போனான்' என்பதில் வரும் அதே 'ஓடு' தான்.

நேரம் ஆகிவிட்டது. தஞ்சை, பாலக்காடு பக்கத்துப் பெரியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிய அண்டை நிலத்துக்காரரை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று, காப்பி நேரத்தில் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நோட்டுப் புஸ்தகம் கொண்டு வந்திருக்கிறேன்.