நூலகத்தின் இணையப் படலை

கிழக்கிலங்கையின் உயர்கல்வி வரலாற்றில் 1981ஆம் ஆண்டு சிறப்புடையது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் தொடங்கப்பெற்றது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில், கணினிகள் தம்முள் செய்தி பரிமாறுதற்குரிய விதியொன்று அமெரிக்காவில் வெளியிடப்பெற்றது. ஐ.பி. முகவரி என்று இன்று நாம் வழங்குவது அவ்விதியில் வகுக்கப்பெற்றதே. கல்லூரிக்கும் அவ்விதிக்கும் அன்று தொடர்பு எதுவுமில்லை. இன்றோ, பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஓர் ஆய்விதழைப் படிக்கலாமா, கூடாதா என்பதை அந்த முகவரியே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

ஐ.பி. முகவரி என்பது யாது? புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்களின் தொடர் அது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. கடித உறையின் மேல் பெறுநர் விலாசமும் அனுப்புநர் விலாசமும் இருப்பது போல, இணையத்திற் செல்லும் ஒவ்வொரு செய்தித் துணுக்கிலும் இவ்விரு முகவரிகளும் பொறிக்கப்பெற்றிருக்கும்.

நூலகம் ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்துகின்றது. வெளியீட்டாளரோ கடல் கடந்த நாட்டில் இருக்கின்றார். வாசகரின் முகம் அவருக்குத் தெரியாது. ஆகவே நூலகர், “எமது வளவின் முகவரிகள் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை” என்று முன்னரே அறிவித்து விடுகின்றார். அவ்வெல்லைக்குள்ளிருந்து வரும் வேண்டுகோளுக்குப் படலை திறக்கும், ஏனையவற்றுக்குத் திறவாது. மாணவர் பெயரோ மறைச்சொல்லோ கேட்கப்படுவதில்லை. இது வாசகருக்கு வசதி; அவர் எதைப் படித்தார் என்பது அவர் பெயரோடு பதியப்படாமையும் ஒரு நன்மையே.

ஆயினும் இம்முறையில் இடர்கள் உள. 429 கோடி முகவரிகள் உலகிற்குப் போதவில்லை. எனவே பல நூறு கணினிகள் உள்ளே தனித்தனி எண் கொண்டிருப்பினும், வெளியே ஒரே முகவரியுடன் செல்வது வழக்கமாயிற்று. பல குடும்பங்கள் வாழும் வளவுக்கு ஒரே படலை இருப்பதைப் போன்றது இது. ஒருவர் பேராசையால் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே மூச்சில் இறக்கினால், வெளியீட்டாளர் அந்த முகவரியையே அடைத்து விடலாம். ஒருவர் பிழைக்கு வளவு முழுவதும் தண்டனை பெறும். இணைய இணைப்பை வழங்குவோர் முகவரியை மாற்றி, அதை நூலகர் அறிவியாதிருந்தாலும் இதே நிலைதான்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. முகவரி இடத்தை அறியும், ஆளை அறியாது. வளாகத்தில் அமர்ந்து படித்த மாணவி, விடுமுறையில் படுவான்கரையிலுள்ள தன் வீட்டிற்குச் சென்று கைத்தொலைபேசியிற் பார்த்தால் அதே கட்டுரை மூடிக் கிடக்கும். அவள் மாணவியே, சந்தாவும் செலுத்தியாயிற்று. ஆனால் முகவரி வேறு. 2020இல் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இக்குறை உலகெங்கும் உணரப்பட்டது.

இதற்கு மாற்று வழி உண்டு. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்பெறும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அவ்விடத்தில் வாவியைக் கடக்கத் தோணியையும் பாதையையும் நம்பியிருந்தனர். அத்தகைய பாலமொன்றை இணையத்திலும் அமைக்கலாம். அதுவே பதிலிச் சேவையகம். மாணவி முதலில் தன் பெயரையும் மறைச்சொல்லையும் அதனிடம் காட்டுவாள். அது அவளை இன்னாரென அறிந்து, நூலகத்தின் முகவரியோடு வெளியீட்டாளரிடம் சென்று, கட்டுரையைப் பெற்றுத் தரும். 1999இல் அமெரிக்கக் கல்லூரி நூலகர் ஒருவர் இப்பணிக்கென ஆக்கிய ஈஸிபிராக்ஸி என்னும் மென்பொருள் பல நாடுகளிற் பயன்படுகின்றது. ஆனால் மறைச்சொல்லை நண்பருக்கு ஈவது படலைத் திறப்பைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும்.

படலையே இல்லாத நூலகங்களும் உள. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களை எவருக்கும் கட்டணமின்றி வழங்குகின்றது. எல்லா அறிவும் அவ்வாறு கிடைக்கும் நாள் வரும்வரை, படலைகள் இருக்கவே செய்யும். உரிமையுடையோர் எங்கிருந்து தட்டினாலும் அவை திறக்க வேண்டும். அதற்கு வழி செய்வது நூலகத்தின் கடமை. அந்த வழியைக் கேட்டறிந்து, முறையாகப் பயன்படுத்துவது மாணவரின் கடமை.