விட்ட பின்னர் வீழாதிருத்தல்

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்று எடுத்துரைக்க நாம் இங்கு வரவில்லை. அதனை நம்மினும் நன்கறிந்தவர்கள் நீங்கள். 1941-ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்தில், ஆர். எச். நாதன் முன்னின்ற தொழிலாளர் போராட்டத்தில், ஊதியம், கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. கேட்டவர்கள் பாட்டாளிகளே. குடியை விட்டவர் மீண்டும் வீழாதிருப்பது எவ்வாறு என்பதே இன்றைய நம் பேச்சு.

நாம் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, சம்பளத்திற்கு மறுநாள் தோறும் ஒரு சிறுவன் வரமாட்டான். ஒருமுறை அவன் தந்தை மூன்று மாதம் குடியாதிருந்தார். சிறுவனும் ஒருநாளும் தவறவில்லை. பின்னர் பக்கத்துத் தோட்டத்துத் திருமணத்தில், "ஒரு கிளாசுதானே அண்ணே!" என்று நண்பர்கள் வற்புறுத்தினர். திங்களன்று சிறுவனின் இடம் வெறுமையாயிருந்தது. "இவன் திருந்தமாட்டான்" என்றது லயம். நாமும் அவ்வாறே சொன்னோம். நாணத்தால் அவர் முன்னினும் மிகுதியாகக் குடித்தார். அச்சொல்லுக்காக இன்றும் வருந்துகின்றோம்.

ஒரு சறுக்கல் முடிவாகாது. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் பில் வில்சன் என்பார், ஐந்து மாதமளவு குடியாதிருந்தும், தொழில் தோல்வியுற்றுத் தனித்திருந்த வேளையில் ஆசை மேலிட, தம்மைப்போல் துன்புறும் ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். அம்மருத்துவரும் குடியை நிறுத்திச் சில வாரங்களிலேயே, வெளியூர் மாநாட்டிற்குச் சென்று மீண்டும் குடித்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாளுக்குப் பின்னர், 1950-இல் மறையும் வரை அவர் மதுவைத் தொடவில்லை. இவ்விருவரால் பிறந்ததே பெயர் வெளியிடாத குடிநோயாளர் கூட்டுறவு. சென்னையிலும் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் குடிநோயாளருக்கென மருத்துவ நிலையம் தொடங்கி, குடும்பத்தார்க்கும் அங்கு வழிகாட்டலானார்.

இனி, கடைப்பிடிக்க வேண்டியவை.

முதலாவது: நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் தாமே திடீரென நிறுத்தலாகாது. இரண்டு மூன்று நாள்களுக்குள் நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக்கிற்கோ சென்று மறையாது உரைத்திடுக.

இரண்டாவது: பசி, சினம், தனிமை, களைப்பு என்னும் நான்கும் ஆசையைத் தூண்டுவன. வேலை முடிந்ததும் உண்டு, இளைப்பாறுக. ஆசை அலைபோல் எழும். சற்றுப் பொறுத்தால் தணியும். அவ்வேளையில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுக.

மூன்றாவது: சம்பள நாளைத் திட்டமிடுக. பணத்தை இல்லாளிடம் ஒப்படைத்து, பழைய கூட்டாளிகளின் வழியை விடுத்து வேறு வழியே வீடு திரும்புக.

நான்காவது: திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் "எனக்கு வேண்டா" என்பவரை வற்புறுத்தாதீர். அது விருந்தோம்பல் ஆகாது. மலிவான கள்ளச் சரக்கு இன்னும் கொடிது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது கிள்ளான் பள்ளத்தாக்கில் பல உயிர்களைக் குடித்ததை மறவாதீர்.

பால்மரம் சீவும் உங்களுக்கு ஓர் உண்மை தெரியும். சீவிய இடத்தில் புதுப்பட்டை ஒரே நாளில் வளர்வதில்லை. ஆண்டுகள் பல செல்லும். கத்தி ஆழப் பதிந்து மரத்தைக் காயப்படுத்தினாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். குடியை விட்ட மனிதரும் புதுப்பட்டை வளரும் மரமே. ஏளனச் சொல் ஆழப் பதியும் கத்தி. சறுக்கியவர் மறுநாளே மருத்துவரிடம் திரும்பட்டும். நாம் அவரை "வாங்க அண்ணே" என்று அழைப்போம். அவர் வீட்டுப் பிள்ளையின் இடம் பள்ளியில் வெறுமையாகாதிருக்கட்டும்.