குப்பைமேட்டுக்கு அடியில் இருக்கும் மண்
(தாராவி வட்டக் கூட்டத்தில் பேசியது)



மழை விட்டபாடில்லை. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே வாழ்த்துரையை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் ஏறத்தாழ 124 ஏக்கரைத் தாராவி சீரமைப்புத் திட்டத்துக்குக் கொடுப்பது என்று மாநில அமைச்சரவை 2024-இல் முடிவெடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று வைத்திருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னால் வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. அந்த 'வெளியே' என்பது எந்த மண் என்று கேட்கத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

தேவ்னாரில் 1927 முதல் குப்பை கொட்டுகிறார்கள். நம் தாத்தாக்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய காலத்துக் குப்பையும் அந்த மேட்டின் அடியில் கிடக்கிறது. அங்கே சேர்ந்திருப்பது 185 லட்சம் டன் என்பது மாநகராட்சியே சொன்ன கணக்கு.

நம் வீட்டுப் பெண்களுக்குக் காபி பில்டரைத் தெரியும். மேலே கொதிநீரை ஊற்றினால் கீழே டிகாஷன் சொட்டுகிறது. குப்பைமேட்டில் நடப்பதும் அதுதான். மேலே பெய்கிற மழை, அழுகிய சோறு, பேட்டரி, பெயிண்ட் டப்பா, உடைந்த டியூப் லைட் எல்லாவற்றின் ஊடாகவும் இறங்கிக் கறுப்புச் சாறாக அடியில் வந்து நிற்கிறது. புதுக் குப்பை அழுகும்போது புளிப்பு உண்டாகிறது. அந்தப் புளிப்பு ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. முறையாகக் கட்டிய கிடங்கில் அடியில் களிமண்ணும் கெட்டித் தாளும் விரித்து, சாற்றைக் குழாய் வைத்துப் பிடிப்பார்கள். திறந்த வெளியில் கொட்டிய பழைய மேட்டுக்கு அடியில் விரிப்பு ஏது? சாறு மண்ணுக்குள்ளும், பக்கத்துத் தானே கழிக்கும் (நாம் காடி என்கிறோமே, அதற்குத்தான்) போகிறது.

கழியின் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அதனால் அழுக்கைக் கடல் கொண்டுபோய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொண்டுபோவதில் ஒரு பங்கைத் திருப்பியும் கொண்டுவருகிறது. கனமானது அடிச் சேற்றில் தங்குகிறது. அந்தச் சாறு நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிட்டால் மீன் எப்படிப் பிழைக்கும்? கோலி மீனவர்களைக் கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நம் மிட்டி ஆற்றையே பாருங்களேன். விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீராகப் புறப்பட்டு மாஹிமில் கடலைத் தொடுகிறது. வழியெல்லாம் கரையிலே குப்பை. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, குறுகியும் தூர்ந்தும் கிடந்த ஆறு நம் வீட்டுக்குள் வந்தது. அன்று சட்டி பானையை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

மண் கெட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. பார்சல் ஆபீசில் கருவாட்டு மூட்டை ஒழுகியிருந்தால், மூட்டையை எடுத்து ஒரு வாரம் ஆனாலும் தரை நாறும், கழுவி விடலாம். ஈயத்தைக் கழுவ முடியாது. அது மக்காது, ஆவியாகாது. கெட்ட மண்ணில் விளைந்த கீரைக்குள் உலோகம் ஏறும். அந்த மண்ணில் விளையாடுகிற பிள்ளையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை.

சர்க்காரே எழுதிய விதி ஒன்றும் உண்டு. மூடப்பட்ட குப்பைக் கிடங்கைப் பதினைந்து ஆண்டு கண்காணித்து, வாயுவும் கசிவு நீரும் அளவுக்குள் இருப்பதையும் மண் உறுதியாக இருப்பதையும் பார்த்த பிறகே குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் எழுதின. தேவ்னாரில் என்ன? 2016 ஜனவரியில் அதே மேடு நாள்கணக்கில் எரிந்தது, பள்ளிகளை மூடினார்கள். உள்ளே மீத்தேன் ஊறுகிற வரை தீப்பொறிக்குப் பஞ்சமில்லை.

"குப்பை முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டுத்தானே கட்டப்போகிறோம், அந்த விதி எதற்கு?" என்கிறார்கள். பழங்குப்பையை அகற்ற 2025-இல் மாநகராட்சி டெண்டர் விட்டதும் உண்மைதான். நல்லது, எடுக்கட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. லாரி ஏறிப் போவது குப்பை. நூறு வருஷ டிகாஷன் ஊறிய மண் எந்த லாரியில் ஏறும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த மேட்டைச் சுற்றி கோவண்டியிலும் சிவாஜி நகரிலும் இன்றைக்கே லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்களும் அவர்களில் உண்டு. "நாங்கள் அங்கே போகமாட்டோம்" என்று மட்டும் சொல்லி நின்றால் அது சுயநலம். எந்த மொழி பேசினாலும் அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் மனு எழுதியிருக்கிறோம்.

மனுவில் இருப்பது இதுதான். மண்ணை ஓர் இடத்தில் மட்டும் அல்ல, பல இடங்களில், பல ஆழங்களில் எடுத்துச் சோதிக்க வேண்டும். நிலத்தடி நீரையும் கழியின் அடிச் சேற்றையும் சோதிக்க வேண்டும். முடிவை மராத்தி, இந்தி, தமிழில் அச்சிட்டு வட்ட ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். அதுவரை ஒரு குடும்பத்தையும் அங்கே அனுப்பக்கூடாது.

கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. ரேஷன் கார்டு எண்ணைச் சரியாக எழுதுங்கள்; போன முறை ஒரு அலுவலகத்தில் எண் தெளிவாக இல்லை என்று சொல்லியே நாற்பது தாளைத் திருப்பிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர நம் பிள்ளைகள் நால்வர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.