அணை நீரும் ஊர் நினைவும்



கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வையும் வரலாற்றையும் சொல்லும் நூல்களுள் இரண்டைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். இரண்டும் அணையைப் பற்றியவை.

முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் திறக்கப்பெற்றது. அப்பணியில் இருந்த பொறியாளர் மெக்கன்சி எழுதிய ‘பெரியாறு திட்ட வரலாறு’ என்னும் ஆங்கில நூல் 1899-இல் சென்னையில் வெளிவந்தது. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அருஞ்செயலின் ஆவணம் அது. கல் சுமந்தோரின் மனம் அதில் பேசாது. அரசு நூலிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. அக்குறையை நிரப்பும் முயற்சியாகவே அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ புதினத்தைக் கருதலாம். பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு, அவருக்குப் பொங்கல் வைக்கும் மக்கள் வாழும் மண் இது. நன்றி மறவாத அம்மக்கள், இழப்பையும் மறந்தாரில்லை.

அந்த இழப்பைச் சொல்வது வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை 1959-இல் திறக்கப்பெற்றது. அதற்காகக் கரையோர ஊர்கள் காலி செய்யப்பட்டன. கவிஞர் பிறந்த மேட்டூரும் (சேலத்து மேட்டூர் அன்று) அவற்றுள் ஒன்று. பேயத்தேவர் என்னும் முதிய உழவரின் பாடுகளின் வழியே அக்கதை நகர்கிறது. சாகித்திய அகாதெமி விருது 2003-இல் இதற்குக் கிடைத்தது. ஒப்பாரிக்குரிய சொற்களை உரைநடையில் நிலைக்கச் செய்ததே இதன் பெருவெற்றி. சில இடங்களில் கவிஞரின் குரல் உழவரின் குரலை மிஞ்சிவிடுவதும் உண்மை.

இரு நூல்களையும் இணைக்கும் செய்தி ஒன்று உண்டு. பெரியாற்று நீர் பள்ளத்தாக்கைக் கடந்து, வைகையில் கலந்து, அதே வைகை அணையில்தான் தேங்குகிறது. ஒரு நூல் புகழும் நீரே மற்றொரு நூல் அழும் ஊர்களின்மேல் நிற்கிறது!

ஸ்காத்லாந்தின் மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடிகள் வெளியேற்றப்பட்டதை நீல் கன் 1934-இல்தான் புதினமாக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. கண்டவர் எவரும் அப்போது உயிரோடில்லை. வைகைக் கரையின் நிலை அவ்வாறன்று. பிள்ளைப் பருவத்தில் ஊரை விட்டவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்து இன்றும் வாழ்கின்றனர். மூழ்கிய வயல்களின் பெயர்கள், கிணறுகளின் பெயர்கள், குலதெய்வத்தைப் பெயர்த்துக் கொணர்ந்த கதைகள் அவர்தம் நாவில் உள்ளன. இவ்வட்டத்தின் கவிஞர்கள் ஆளுக்கோர் ஊரென எடுத்துக்கொண்டு, அவர்களைக் கேட்டு எழுதத் தொடங்கலாம். முதலில் மூதாட்டியரிடம் செல்க. ஒப்பாரிகள் அவர்களிடமே உள்ளன.