ஆராய்ந்து அடையும் நெறி

திருச்சிற்றம்பலம்.



அம்மையப்பர் திருவீதியில் எழுந்தருளும் நேரத்தை எதிர்நோக்கி நாம் அனைவரும் அமர்ந்திருக்கின்றோம். இவ்வேளையில், நம் வீட்டு இளைஞர்கள் நம்மை அடிக்கடி வினவும் வினா ஒன்றைச் சிந்திப்போம். "சமயம் என்பது பிறப்பால் வாய்ப்பதா, அறிவால் தேர்ந்துகொள்வதா? இறைவனை நம்ப வேண்டுமானால் அறிவை அடக்க வேண்டுமா?" என்பதே அவ்வினா. வினவுவோரை நாத்திகர் என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது நம் முன்னோர் காட்டிய வழியன்று. இவ்வினாவைத் தம் வாழ்க்கையாலேயே வினவிய ஒருவரை நாம் நாயன்மாருள் வைத்து வணங்குகின்றோம். அவரே 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகள்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகத் தோன்றி, மருள்நீக்கியார் என்னும் பெயர் பூண்ட அப்பெருமான், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். அடுத்தடுத்து மரணங்களைக் கண்ட உள்ளம், நிலையான பொருள் யாது என்று தேடிற்று. செல்வத்தை அறத்தில் செலவிட்டார், சமயங்களை ஆராய்ந்தார், சமண நெறியில் சேர்ந்தார். இன்று திருப்பாதிரிப்புலியூர் எனப்படும் பாடலிபுத்திரத்தில் சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பட்டமும் பெற்றார். பொருளாசையால் சென்றார் என்றோ, அச்சத்தால் சென்றார் என்றோ சேக்கிழார் பெருமான் கூறவில்லை. உண்மையைத் தேடிச் சென்றவராகவே காட்டுகின்றார்.

பின்னர்ச் சூலை நோய் பற்றியது. அங்குள்ளோர் மந்திரங்கள் பயன்தரவில்லை. தமக்கையாரை அழைத்துவர ஆள் அனுப்பினார். அம்மையார் அவ்விடம் வர இசையவில்லை. தாமே இரவில் திருவதிகை சென்று அவர்தம் அடிகளில் வீழ்ந்தார். அம்மையார் திருநீறு அளித்து வீரட்டானத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முதற் பதிகம் பிறந்தது, நோய் நீங்கிற்று.

இவ்விடத்தில்தான் இளைஞர்கள் நம்மை மடக்குகின்றார்கள். "வயிற்று வலி தீர்ந்ததனால் ஒரு சமயம் மெய்யாகிவிடுமா? பிற சமயத்து வழிபாட்டிலும் நோய் தீர்ந்தவர் உண்டே! வேண்டியும் தீராதவர் நம் கோயில் வாயிலிலேயே உண்டே!" என்று கேட்கின்றார்கள். நேர்மையான கேள்வி. இதற்கு விடை வேறெங்கும் இல்லை. அதே வீட்டில்தான் இருக்கின்றது.

திலகவதியாரை எண்ணிப் பாருங்கள். தாய் தந்தையர் மறைந்தனர். கணவராக வரவேண்டியவர் மாண்டார். யார்பொருட்டு உயிர் தாங்கினாரோ அத்தம்பியும் வேற்று நெறி சென்றார். இழந்தவருள் ஒருவரேனும் உயிருடன் மீண்டாரா? இல்லை. இருப்பினும் நாள்தோறும் திருக்கோயிலை அலகிட்டார், மெழுகினார், மலர் தொடுத்தார். அவர் பத்தி கொடுக்கல் வாங்கல் அன்று. தம்பியாரும் அவ்வாறே. நோய் நீங்கிய பின்னர் அவருக்கு வந்தவை நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லுமே என்று பெரியபுராணம் பேசுகின்றது. சுகத்துக்காக வந்தவராயின் துன்பம் வந்தபோது திரும்பியிருப்பார் அன்றோ? நோய் அவரை வாயில் வரை கொணர்ந்தது. உள்ளே நிலைபெறச் செய்தது அன்பு. ஆதலின் நோய் தீர்தல் சமயத்துக்குச் சான்று அன்று; துன்பத்திலும் நீங்காத அன்பே சான்று.

அங்ஙனமாயின் அறிவுக்கு இடம் இல்லையா? உண்டு. சைவ சித்தாந்தம் அறிவைக் கண்டு அஞ்சிய சமயம் அன்று. மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களை உடையது. காணப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதனைச் செய்யும் முதல்வன் ஒருவன் வேண்டும் என்னும் தருக்கத்திலேயே அது தொடங்குகின்றது. அவர்தம் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்பது முற்பகுதி. அங்கே உலகாயதர் முதல் பாஞ்சராத்திரர் ஈறாகப் 14 கொள்கையினரின் கூற்றுகளை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். பிறர் கருத்தைச் செவ்வையாக அறியாமல் மறுத்தல் அறிவாகாது என்பதை இதிலிருந்து நாம் கற்றல் வேண்டும்.

காட்சி, கருதல், உரை என அளவைகள் மூன்று. இதற்கு இத்திருவீதியே எடுத்துக்காட்டு. "சுவாமி இவ்வழியே வருவார்" என்று பெரியவர் சொல்லக் கேட்டு இங்கு அமர்ந்தோம், இஃது உரை. அடுத்த வீதியில் நாகசுர ஒலி எழுகின்றது, அண்மையில் வந்துவிட்டார் என்று துணிகின்றோம், இது கருதல். தீவட்டி ஒளியில் திருமேனி தெரியும்போது கைகள் தாமே குவிகின்றன, இது காட்சி. கண்டால்தான் வருவேன் என்று வீட்டிலேயே இருந்தவன் காணான். ஒலி வரும் திசையை ஆராயாது யாரோ சொன்ன வேறொரு வீதியில் நிற்பவனும் காணான். நம்பிக்கை நம்மைப் புறப்படச் செய்கின்றது, அறிவு வழி தவறாமல் காக்கின்றது, அருள் காட்டுகின்றது.

ஆயினும் அறிவுக்கு ஒரு நோய் உண்டு. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றிருந்த அருணந்தியார், இளங்குழவியாகிய மெய்கண்டாரை அணுகி, ஆணவத்தின் இயல்பு யாது என வினவினாராம். குழந்தை விடையாக அவரையே சுட்டிற்றாம். அக்கணமே அவர் அத்திருவடிகளில் வீழ்ந்தார் என்பது மரபு. எல்லாவற்றையும் ஆராய்ந்த அறிவு தன்னை ஆராயவில்லை. ஆராய்ந்த அன்று அது ஞானமாயிற்று. வினவும் இளைஞர்க்கு மட்டுமன்று, விடை கூறும் நமக்கும் இது பொருந்தும்.

நம் நெறியில் உறுதி என்பது பிறரை இகழ்தலும் அன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அந்நூலின் விருத்தியுரையைத் திருத்திச் செம்மை செய்தவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் கண்ட சிவஞான முனிவர். 1785இல் இறைவனடி சேர்ந்த அச்சைவப் பெருந்தகையின் உறுதி சமணர் நூலைத் தொட்டதனால் குறைந்ததா?

ஆதலின் அன்பர்களே! உங்கள் பிள்ளைகள் வினவினால் வாயை அடைக்காதீர்கள். திலகவதியார் தம்பியாரோடு வழக்காடினார் என்று புராணம் கூறவில்லை. இறைவனிடம் முறையிட்டார், கோயிற்பணியை விடாது செய்தார், மீண்டு வந்த நாளில் திருநீற்றோடு நின்றார். அவர் நின்றமையால்தான் வருவதற்கு ஓரிடம் இருந்தது. நாமும் அவ்வாறு நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.