கல்லைத் தேர்தலும் திருப்பணியே

 

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் விமானத்தின் உயரத்தையும் கோபுரத்தின் நிலைகளையும் வினவுவர். கல் எத்தகையது என வினவுவோர் மிகச் சிலரே. கற்றளியின் ஆயுளோ கல்லின் இயல்பைப் பொறுத்தது. ஆதலின் கருங்கல்லைத் தேரும் முறை பற்றிச் சில கூற விழைகின்றேன்.

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகட்குக் கோயில் எடுத்தமையை, முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டுக் குடைவரையிற் பொறித்து வைத்தான். கல் விளையாத தஞ்சை வண்டல் நாட்டிற்குக் கருங்கல்லைக் கொணர்ந்து பெருவுடையார் விமானத்தை எழுப்பிய இராசராசன், 1010-இல் அதற்குக் கலசம் வழங்கினான். அக்கற்கள் இன்றும் நிலைபெற்றுள்ளன.

சிற்ப நூலார் கல்லை ஒலியால் மூவகைப்படுத்தினர். தட்டுங்கால் மணிபோல் ஒலிப்பது ஆண். தாளம்போல் ஒலிப்பது பெண். ஒலி எழாதது அலி. இறைவன் திருமேனிக்கு ஆண்கல்லும், அம்மைக்கும் பீடத்திற்கும் பெண்கல்லும், அடியில் இடுதற்கு அலிக்கல்லும் உரியன. கீறலும் குற்றமுடைய ரேகையும் உள்ள கல்லை விலக்கினர். இது வெறும் நம்பிக்கையன்று. உள்ளே பிளவிருப்பின் அதிர்வு தடைப்பட்டு ஒலி மழுங்கும்.

இக்காலச் சோதனைச்சாலைகளும் கல்லின் உட்குற்றத்தையே ஆராய்கின்றன. உலர்ந்த கல்லை நிறுத்து, ஒருநாள் நீரில் ஊறவைத்து, மீண்டும் நிறுப்பர். நல்ல கருங்கல் நூற்றுக்கு அரைப்பங்கு நீரும் கொள்ளாது. அப்பிரகம் படலமாகச் செறிந்த கல் ஏடு ஏடாகப் பிரியும். இரும்பும் கந்தகமும் கலந்த பொடி உள்ளே இருப்பின், நீர்பட்டுத் துருக்கறை கசியும். நாள்தோறும் திருமஞ்சனம் கொள்ளும் திருமேனிக்கு இக்குற்றம் ஆகுமா?

மெருகு கண்டு மயங்கலாகாது. எண்ணெயும் சாயமும் கீறலை மறைக்கும். ஆதலின் உளி படுமுன்னரே, மெருகிடாத கல்லைப் பகலொளியில் நனைத்துப் பாருங்கள். கீறலில் ஈரம் பிந்தி உலரும். நும் முன்னிலையில் தட்டிக் காட்டுமாறு ஸ்தபதியாரை வேண்டுங்கள். பல திங்கள் செதுக்கிய பின்னர்க் குற்றம் வெளிப்படின், அவ்வடிவம் பிரதிட்டைக்கு ஆகாது. உழைப்பும் பொருளும் வீணாம்.

மற்றொன்று. பழங்கோயிற் கற்கள் பல நூற்றாண்டு வெயிலும் மழையும் சோதித்துத் தேர்ந்தவை. பளபளக்கும் புதுப்பலகைக்காக அவற்றைப் பெயர்த்தலும், மணல் வீசித் தூய்மை செய்து கல்வெட்டைத் தேய்த்தலும் திருப்பணி ஆகா. நல்ல கல்லைத் தேர்தலும், தேர்ந்த கல்லைக் காத்தலும் சிவபுண்ணியமே.

திருச்சிற்றம்பலம்.