மூங்கில் பூத்த கணக்கு

அமைதி உடன்பாட்டின் ஆண்டு நாளை ஓர் அரசு எப்படி நினைவுகூர வேண்டும் என்பதே இவ்வாண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருள். அதற்கு மிசோரத்தை விட நல்ல பாடம் இந்தியாவில் இல்லை.

அங்கே ஜூன் 30 அரசு விடுமுறை. ‘ரெம்னா நி’ என்கிறார்கள். அமைதி நாள் என்று பொருள். 1986இல் அதே நாளில் புது டெல்லியில் மிசோ தேசிய முன்னணித் தலைவர் லால்தெங்கா, மத்திய உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதான், மிசோரம் தலைமைச் செயலர் லால்காமா மூவரும் கையெழுத்திட்டார்கள். இருபது ஆண்டுச் சண்டை ஓய்ந்தது. 2026 ஜூன் 30 அந்தக் கையெழுத்துக்கு நாற்பதாம் ஆண்டு நிறைவு.

விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும் அதிகாரிகள் பெரும்பாலும் கையெழுத்திலிருந்தே தொடங்குவார்கள். மிசோரத்தின் கதையோ மூங்கிலில் தொடங்குகிறது.

அந்த மலைகளில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் ஒருசேரப் பூத்து மடியும். உதிர்ந்த விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலில் இறங்கும். மிசோ மக்கள் இதை ‘மௌதாம்’ என்பார்கள். கணக்கறிந்த பெரியவர்கள் எச்சரித்ததால் 1958லேயே மிசோ மாவட்ட மன்றம், அப்போது அந்த மலைகளை ஆண்ட அசாம் அரசிடம் முன்கூட்டி நிதி கேட்டது. மூடநம்பிக்கை என்று அது தள்ளப்பட்டது. மறு ஆண்டு மூங்கில் பூத்தது. பஞ்சம் வந்தது.

ஊர் ஊராக அரிசி சுமந்த பஞ்ச நிவாரண அமைப்பே 1961இல் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966 பிப்ரவரி இறுதியில் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 5 அன்று ஐஸால் நகர் மீது இந்திய விமானப்படை குண்டு வீசியது. அடுத்த ஆண்டு முதல் நூற்றுக்கணக்கான ஊர்களைக் காலிசெய்து, மக்களை இராணுவக் காவலில் இருந்த தொகுப்பு ஊர்களுக்குப் பெயர்த்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வந்த உடன்பாடு நிலைத்தது. அதற்கு இடம்கொடுக்க அப்போதைய முதல்வர் லால் தன்ஹாவ்லா பதவி விலகித் துணை முதல்வரானார், லால்தெங்கா முதல்வரானார். மிசோ வழக்கச் சட்டத்துக்கும் நில உரிமைக்கும் அரசமைப்பின் 371ஜி பிரிவு காப்பளித்தது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் 23ஆவது மாநிலம் ஆனது.

அமைதிக்கு உண்மையான சோதனை இருபது ஆண்டு கழித்து வந்தது. 2006 முதல் மூங்கில் மீண்டும் பூத்தது. இம்முறை மாநில அரசு முன்கூட்டியே திட்டம் தீட்டியது. கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்தால் வாலுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பயிர் அழிந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆனால் அது கிளர்ச்சியாக மாறவில்லை.

ஆகவே விழா மேடையில் கையெழுத்திட்டவர்களின் படங்கள் மட்டும் போதாது. ஊர் பெயர்க்கப்பட்ட முதியவர்கள் அங்கே பேச வேண்டும். உடன்பாட்டின் ஒவ்வொரு பிரிவும் வாசிக்கப்பட்டு, எது நிறைவேறியது, எது நிலுவை என்று அரசு கணக்குச் சொல்ல வேண்டும். மாநிலம் விரும்பினால் தனி உயர்நீதிமன்றம் பெறலாம் என்பது அதில் ஒரு பிரிவு. இன்றும் ஐஸாலில் இருப்பது கௌஹாத்தி உயர்நீதிமன்றத்தின் கிளைதான்.

அடுத்த மௌதாம் 2055ஐ ஒட்டி வரும். இன்று மிசோரத்தின் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள்தான் அப்போது கோப்புகளில் கையெழுத்திடும் இடத்தில் இருப்பார்கள். 1958இல் மாவட்ட மன்றம் கேட்டதையும் அரசு மறுத்ததையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதே ரெம்னா நியின் முதல் நிகழ்ச்சியாக இருக்கட்டும்.